வளரியும் நூறு கஜமும்: புகழ வேண்டியது கட்டையையா, கையையா?

அக்டோபர் வந்தால் எங்கள் பக்கம் வளரிப் பேச்சு ஆரம்பித்துவிடும். 24ஆம் தேதி நம்ம சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் நினைவு நாள், 27ஆம் தேதி காளையார்கோவிலில் குருபூஜை. அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே புதுவயல் டீக்கடையிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களிலும் வளரியைப் பற்றிய செய்திகள் சுற்ற ஆரம்பிக்கும். நூறு கஜம் பறக்கும். குறி தவறாது. எதிரியின் தலையைச் சீவிவிட்டு எறிந்தவன் கைக்கே திரும்பி வரும். வருஷம் ஏற ஏறத் தூரமும் ஏறுகிறது. நூறு கஜம் முந்நூறு அடியாகிறது, அது சரிதான், ஒரு கஜத்துக்கு மூன்று அடி. ஆனால் அடுத்த ஃபார்வர்டில் முந்நூறு அடி முந்நூறு மீட்டராகிவிடுகிறது.

வளரி என் ஊர்ப்பக்கத்து ஆயுதம். அதில் எனக்கும் பெருமை உண்டு. அதனால்தான் இந்த விவரங்களை ஒரு இன்ஜினியர் படிக்கிற மாதிரி படித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. எறிபடை ஒன்றின் தரத்தை மதிப்பிட இன்றைக்கு என்ன முறை இருக்கிறது? அந்த முறையை வளரி பற்றிய பழைய சாட்சியங்களின்மேல் வைத்தால் எது நிற்கிறது, எது உதிர்கிறது? இந்தக் கட்டுரை அவ்வளவுதான்.

முதலில் கார்பன் அம்பு

இன்று மிகக் கறாராக அளந்து விற்கப்படும் எறிபடைகளில் ஒன்று கார்பன் அம்பு. அதிலும் கிராஸ்போ என்கிற குறுக்குவில்லுக்கான அம்பு நம் கணக்குக்கு வசதியானது, காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். பழைய அலுவலக நண்பர் ஒருவர் அமெரிக்காவில் குறுக்குவில் பழகுகிறார். அவர் வாங்கும் அம்புகளின் விவரச் சீட்டுகளை எனக்கு அனுப்புவார். படிக்க சுவாரசியமாக இருக்கும்.

அந்தச் சீட்டில் முதலில் வருவது நேர்த்தன்மை. தண்டைச் சுழற்றும்போது எவ்வளவு ஆடுகிறது என்பதை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவில் சொல்வார்கள். ±0.001 அங்குலம் என்றால் உயர்ந்த ரகம், ±0.003 நடுத்தரம், ±0.006 சாதாரணம். 0.001 அங்குலம் என்பது 0.0254 மில்லிமீட்டர். அடுத்தது எடை. அதை கிரெயின் கணக்கில் சொல்கிறார்கள். பெயரே தானிய மணியிலிருந்து வந்ததுதான், ஒரு கிராமுக்குச் சுமார் 15.4 கிரெயின். இங்கே ஒரு அம்பின் எடையை விட, ஒரு டஜனில் உள்ள அம்புகளுக்குள் எடை எவ்வளவு மாறுகிறது என்பதுதான் முக்கியம். மூன்றாவது விறைப்பு. சாதாரண வில்லம்புத் தண்டை 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள்மேல் வைத்து, நடுவில் 1.94 பவுண்டு, அதாவது 880 கிராம் எடையைத் தொங்கவிடுவார்கள். அரை அங்குலம் வளைந்தால் அதன் எண் 500. குறுக்குவில் அம்பு 20, 22 அங்குலம்தான், குட்டையாக இருப்பதால் இயல்பாகவே விறைப்பு அதிகம். நான்காவது, அம்பின் எடை எந்த அளவு முன்பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது. முன்கனம் கூடினால் பறக்கும்போது நிலை தடுமாறாது, ஆனால் தூரத்தில் சீக்கிரம் தலை கவிழும்.

புதுவயல்காரர்களுக்கு இது புதுசில்லை. ரைஸ் மில்லுக்கு நெல் லோடு வந்தால் என்ன செய்கிறோம்? ஒரு மூட்டையைத் திறந்து கையில் அள்ளிப் பார்த்து விலை பேசுவதில்லை. பல மூட்டைகளில் குத்தூசி போட்டு எடுக்கிறோம், ஈரப்பதம் பார்க்கிறோம். ஒரு மூட்டை பிரமாதமாக இருப்பது பெரிய விஷயமில்லை. லோடு முழுக்க ஒரே மாதிரி இருக்கிறதா என்பதுதான் விஷயம். அம்பிலும் அதேதான். ஒரு அம்பு நடுப்புள்ளியில் தைத்தால் அது அதிர்ஷ்டமாக இருக்கலாம். பன்னிரண்டும் உள்ளங்கை அளவு இடத்துக்குள் தைத்தால் அதுதான் தரம்.

கார்பன் அம்பு விற்பவர்களின் சீட்டையும் அப்படியே நம்பிவிட முடியாது. ±0.001 என்று போட்டிருப்பவர், தண்டின் எத்தனை அங்குல நீளத்தில் அதை அளந்தார் என்று சொல்லாவிட்டால் அந்த எண்ணுக்குப் பாதி மதிப்புதான். நடுப்பகுதி நேராக இருந்து முனைகள் ஆடினாலும் சீட்டில் அழகான எண் வந்துவிடும். தவிர, 30 கஜத்தில் பழகுகிற சாதாரண ஆளுக்கு ±0.001க்கும் ±0.003க்கும் உள்ள வித்தியாசம் அவர் கை நடுக்கத்திலேயே கரைந்துவிடும். அவர் உண்மையில் கவனிக்க வேண்டியது எடை ஒத்துப்போகிறதா, பின்முனை நாணில் சரியாக உட்காருகிறதா, தண்டில் விரிசல் இருக்கிறதா என்பதை. அலுமினிய அம்பு கெட்டால் வளையும், கண்ணுக்குத் தெரியும். கார்பன் அப்படி இல்லை. பார்வைக்கு நேராகவே இருந்து திடீரென்று சிலும்பு சிலும்பாக உடையும். அதனால்தான் எய்வதற்கு முன் லேசாக வளைத்துக் காதருகே வைத்துச் சத்தம் கேட்கச் சொல்கிறார்கள்.

இதிலிருந்து நமக்கு மூன்று கேள்விகள் கிடைக்கின்றன. ஒன்று, சொல்லப்படும் எண் எதை அளக்கிறது: தூரத்தையா, குறியையா, தாக்கத்தையா? இரண்டு, அது ஒரு தடவை நடந்ததா, ஒவ்வொரு தடவையும் நடப்பதா? மூன்று, அந்த எண்ணில் ஆயுதத்தின் பங்கு எவ்வளவு, எய்தவரின் பங்கு எவ்வளவு? சரி, இப்போது வளரிக்கு வருவோம்.

வெல்ஷ் என்ன சொன்னார், என்ன சொல்லவில்லை

நூறு கஜத்துக்கு மூலம் ஒரே ஒரு ஆள்: ஜேம்ஸ் வெல்ஷ், கம்பெனியின் மதராஸ் படையில் ஏறக்குறைய நாற்பது வருஷம் இருந்த அதிகாரி. தன் நாட்குறிப்பிலிருந்து தொகுத்த ராணுவ நினைவுக் குறிப்புகளை 1830இல் லண்டனில் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். இளம் அதிகாரியாக இருந்தபோது, 1795இல் அவருக்குச் சின்ன மருதுவோடு பழக்கம். எங்கள் ஊரைப் போலவே வயலில் முடியும் இன்னொரு ஊர், சிறுவயல். அதுதான் சின்ன மருதுவின் இருப்பிடம். காவலர் யாரும் இல்லாத திறந்த அரண்மனையில், யாரும் எளிதில் போய்ப் பார்க்கக்கூடிய மனிதராக அவர் இருந்தார் என்று வெல்ஷ் எழுதுகிறார். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்கு முதலில் கற்றுத்தந்தவர் அவர்தான் என்றும் சொல்கிறார்.

வெல்ஷ் அந்த ஆயுதத்துக்குப் போடும் பெயர் ‘காலரி ஸ்டிக்’. கள்ளர் என்ற சொல்லை ஆங்கிலேயர்கள் அப்படி உருட்டிவிட்டார்கள். அதைப் பற்றி அவர் சொல்வது மொத்தம் ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிடும். அதன் சாரம் இது: வேறெங்கும் அதிகம் அறியப்படாத ஆயுதம், தேர்ந்த கையில், நூறு கஜத்துக்கு உட்பட்ட எந்தத் தூரத்துக்கும் நிச்சயமாக எறியக்கூடியது.

நம் ஃபார்வர்டுகள் இந்த வாக்கியத்தை என்ன செய்துவிட்டன என்று பாருங்கள். வெல்ஷ் நூறு கஜத்தை உச்சவரம்பாகச் சொன்னார், நாம் அதைச் சாதாரண வீச்சாக்கிவிட்டோம். அவர் ‘தேர்ந்த கையில்’ என்று ஒரு நிபந்தனை போட்டார், நாம் அதைக் கழற்றிவிட்டோம். அவர் தலை விழுந்ததாகவோ திரும்பி வந்ததாகவோ இந்த இடத்தில் எதுவும் சொல்லவில்லை, நாம் இரண்டையும் சேர்த்துவிட்டோம்.

சாட்சியையும் எடை போட வேண்டும். வெல்ஷ் நல்ல சாட்சி, ஏனென்றால் கேள்விப்பட்டதை எழுதவில்லை. அதைத் தானே கையில் பிடித்து வீசிப் பழகியவர். பழகுகிற ஆளுக்குத்தான் தேர்ந்த கைக்கும் தேராத கைக்கும் உள்ள தூரம் தெரியும். அதே சமயம் அவர் பிரமித்துப் போன சாட்சியும்கூட. பெரிய மருது ஆற்காடு ரூபாய் நாணயத்தை விரலாலேயே வளைப்பார் என்று எழுதியதும் இதே வெல்ஷ்தான். 1801 போரில் அவர் எதிரணியில் நின்று சின்ன மருதுவை வேட்டையாடிய படையில் இருந்தார். தனக்கு வேட்டை கற்றுத்தந்த மனிதர் தொடை எலும்பு முறிந்து பிடிபட்டுத் தூக்கில் தொங்கியதை வருத்தத்தோடு எழுதுகிறார். அந்த வருத்தம் பழைய நினைவுக்குக் கொஞ்சம் பளபளப்பு கூட்டியிருக்கலாம். அதற்காக வாக்கியத்தைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. கணக்கில் வைத்துப் பார்த்தால் போதும்.

தூரம் நடக்கிற காரியமா?

நூறு கஜம் என்பது 91.4 மீட்டர். காற்றின் எதிர்ப்பையும் தூக்குவிசையையும் விட்டுவிட்டு, 45 பாகையில் மேல்நோக்கி எறிவதாக வைத்துக்கொண்டால், அந்தத் தூரத்தைத் தொடுவதற்கு வினாடிக்கு 30 மீட்டர் வேகம் வேண்டும். மணிக்கு 108 கிலோமீட்டர். கிரிக்கெட்டில் இது மிதவேகப் பந்துவீச்சு. ஆக, தூரம் மட்டும் என்றால் இது கட்டுக்கதை இல்லை. பலசாலியின் கைக்கு எட்டும்.

ஆனால் 45 பாகையில் எறிந்தால் வளரி வானத்துக்குப் போய் நாலு வினாடிக்கு மேல் கழித்துத்தான் இறங்கும். குறி பார்த்து எறிகிறவர் அப்படி எறிய மாட்டார், தாழ்வாக வீசுவார். 15 பாகையில் வீசினால் அதே தூரத்துக்கு வினாடிக்கு 42 மீட்டர் வேண்டும், மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல். 160 கிராம் பந்தையே அந்த வேகத்தில் வீசக்கூடியவர்கள் உலகத்தில் சிலர்தான். கனமான கட்டையை யார் வீசுவது?

இந்த இடத்தில் வளரியின் வடிவம் உதவிக்கு வருகிறது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய ஏழு தொகுதிகளில், கள்ளர் பற்றிய பகுதியில், புதுக்கோட்டை திவான் அனுப்பிய விவரக் குறிப்பு ஒன்று இருக்கிறது. என் பார்வையில் வளரி பற்றிய மிக நிதானமான ஆவணம் அதுதான். வளரி பிறை வடிவம், வைரம் பாய்ந்த மரத்தில் செய்வது, சில சமயம் இரும்பிலும், ஒரு முனை மற்றதைவிடக் கனம், வெளிவிளிம்பு கூர், லேசான முனையைப் பிடித்து, தோளுக்கு மேலே சில சுற்றுச் சுற்றி, வேகமேற்றி எறிவார்கள். இவ்வளவும் அதில் இருக்கிறது.

லேசான முனையைப் பிடிப்பது ஏன்? சுத்தியலை நினைத்துக்கொள்ளுங்கள். கனம் கையிலிருந்து தள்ளி இருக்க இருக்க, கை அதே வேகத்தில் சுழன்றாலும் கனத்தின் வேகம் கூடும். தோளிலிருந்து கைப்பிடி 70 சென்டிமீட்டர் என்று வைப்போம். வளரியின் எடைமையம் அதற்கும் 30 சென்டிமீட்டர் அப்பால் இருந்தால், கையை விட வளரியின் கனம் ஒன்றரை மடங்கு வேகத்தில் கிளம்பும். அடுத்து, தட்டையாகச் சுழன்று போகும் கட்டைக்குக் காற்று கொஞ்சம் தூக்குவிசையும் தரும். வெறும் கல்லைவிட அது தாழ்வான பாதையில் அதிக தூரம் போகும். ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் வேட்டைக் கட்டைகள் இப்படித்தான் போகின்றன. அவையும் திரும்பி வருவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

திரும்பி வருவது பற்றி ஒரு வார்த்தை. திரும்பி வரும் பூமராங் லேசாக, இரண்டு சிறகும் விமான இறக்கை மாதிரி செதுக்கப்பட்டு இருக்க வேண்டும். ஒரு முனை கனத்த, அடிப்பதற்கென்றே செய்த கட்டை அந்த வகை இல்லை. அதைவிடச் சுலபமான காரணம்: எதன்மீதாவது பலமாக மோதிய பொருள், தன் வேகத்தையும் சுழற்சியையும் அங்கேயே கொடுத்துவிடுகிறது. மோதியும் விட்டு, கைக்கும் வருவது என்பது இரண்டு செலவையும் ஒரே ரூபாயில் பார்ப்பது.

தாக்கம்: தலை சீவுமா?

உதாரணத்துக்கு 400 கிராம் எடை, 45 சென்டிமீட்டர் அகலம் உள்ள ஒரு மர வளரியை எடுத்துக்கொள்வோம். வேகம் வினாடிக்கு 25 மீட்டர். ஆற்றல் 125 ஜூல் வருகிறது. வினாடிக்கு எட்டுச் சுற்று சுழன்றாலும் சுழற்சி ஆற்றல் அதோடு ஒன்பது ஜூல் அளவுக்குத்தான் சேர்க்கும். சுழற்சியின் வேலை பலம் கூட்டுவதைவிட, கட்டையைத் தட்டையாக நிறுத்தி வைப்பதுதான்.

குறுக்குவில் அம்பு ஒன்று: 400 கிரெயின், அதாவது 26 கிராம், வினாடிக்கு 400 அடி, அதாவது 122 மீட்டர். ஆற்றல் சுமார் 193 ஜூல். ஆற்றலில் அம்பு ஜெயிக்கிறது, அதுவும் ஒரே புள்ளியில் குவிந்து. ஆனால் எடையை வேகத்தால் பெருக்கினால் வரும் உந்தத்தில் வளரி மூன்று மடங்கு. அம்பு ஊடுருவும், வளரி தள்ளிச் சாய்க்கும்.

125 ஜூல் என்றால் என்ன என்று இன்னொரு விதமாகச் சொல்கிறேன். மணிக்கு 144 கிலோமீட்டரில் வரும் கிரிக்கெட் பந்தின் ஆற்றல் 128 ஜூல். ஹெல்மெட் இல்லாத தலையில், கூரான விளிம்போடு அது விழுந்தால் என்ன ஆகும்? எலும்பு உடையும், ஆள் விழுவார், உயிரும் போகலாம். ஆனால் மரவிளிம்பு கழுத்தைத் துண்டாக்குவது இந்த ஆற்றலில் நடக்காது. இரும்பு வளரி என்றால் வெட்டு ஆழமாகும்தான், ஆனால் கனம் கூடக்கூட வேகமும் தூரமும் குறையும். தலையும் விழ வேண்டும், நூறு கஜமும் போக வேண்டும் என்றால் கணக்கு இடிக்கிறது. திவான் குறிப்பும் அடக்கமாகத்தான் பேசுகிறது. தேர்ந்தவர்கள் ஒரே வீச்சில் சிறு விலங்கையும், மனிதனையும்கூட வீழ்த்தினார்கள் என்று ‘சொல்லப்படுகிறது’ என்றுதான் எழுதுகிறது. மறவரும் கள்ளரும் மான் வேட்டைக்கு இதைப் பயன்படுத்தினார்கள் என்று குஸ்தாவ் ஆப்பர்ட் குறித்திருக்கிறார். கால் எலும்பை முறித்து மானை நிறுத்துவதற்கு 125 ஜூல் தாராளம்.

குறி: இங்கேதான் விஷயம் இருக்கிறது

வெல்ஷின் வாக்கியத்தில் எனக்கு மலைப்பூட்டுவது நூறு கஜம் இல்லை, ‘நிச்சயமாக’ என்ற சொல். மற்றவர்கள் தூரத்தைப் பிடித்துக்கொண்டார்கள், இதை விட்டுவிட்டார்கள்.

கணக்குப் போடுவோம். நிற்கிற ஆளின் அகலத்தை 55 சென்டிமீட்டர் என்று வைத்தால், நடுவிலிருந்து பக்கத்துக்கு 27. சுழன்று வரும் வளரி தானே 45 சென்டிமீட்டர் அகலத்தைக் கூட்டிக்கொண்டு வருகிறது, அதில் பாதி 22. ஆக இடதோ வலதோ சுமார் அரை மீட்டர் பிழை வரை பட்டுவிடும். அம்புக்கு இந்தச் சலுகை கிடையாது, அதன் தடிமன் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. வளரியின் உண்மையான தொழில்நுட்பச் சிறப்பு இந்த அகலம்தான் என்பேன். சின்னப் பிழையை அது மன்னிக்கும்.

30 மீட்டரில் அரை மீட்டர் என்பது ஒரு பாகைக்குக் கொஞ்சம் குறைவான கோணப் பிழை. 91 மீட்டரில் அதுவே பாகையில் மூன்றில் ஒரு பங்கு. இது எவ்வளவு கஷ்டம்? 30 மீட்டரிலிருந்து ஃபீல்டர் ஸ்டம்பை நேராக அடிக்கிறார் அல்லவா, மூன்று ஸ்டம்பும் சேர்ந்து 9 அங்குல அகலம், பந்தின் பருமனையும் சேர்த்தால் அவருக்கு உள்ள அனுமதியும் பாகையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவுதான். பக்கவாட்டுப் பிழையை மட்டும் பார்த்தால், நூறு கஜத்தில் ஒரு ஆளை நிச்சயமாக வளரியால் அடிப்பதும், 30 மீட்டரிலிருந்து ஒவ்வொரு முறையும் ‘டைரக்ட் ஹிட்’ அடிப்பதும் ஏறத்தாழ ஒரே துல்லியம். நாள் முழுக்க அதையே பயிற்சி செய்கிற சர்வதேச ஃபீல்டர்களும் பல தடவை தவறவிடுகிறார்கள்.

இலக்கு ஓடினால் கதை இன்னும் மாறும். வினாடிக்கு 25 மீட்டரில் போகும் வளரி நூறு கஜத்தைக் கடக்க மூன்றரை வினாடிக்கு மேல் ஆகும். அதற்குள் ஓடுகிற ஆள் 15 மீட்டருக்கு மேல் தள்ளிப் போயிருப்பார். குறுக்குவில் அம்புக்கு அந்தத் தூரம் ஒரு வினாடிக்கும் குறைவு.

ஆகவே வெல்ஷ் சொன்னதை நான் இப்படிப் படிக்கிறேன். நிற்கிற அல்லது மெதுவாக நகர்கிற இலக்கு, குறுகிய, நடுத்தர தூரங்கள், எப்போதாவது நூறு கஜத்தின் ஓரம். இதில் உண்மையாக நடக்க முடியாதது எதுவும் இல்லை. ஆனால் மனிதக் கையால் முடிவதன் கடைசி ஓரத்தில் இருக்கிறது. அங்கே போய் நிற்க, சிறு வயதிலிருந்தே முயலையும் காட்டுக்கோழியையும் துரத்தி எறிந்து பழகிய கை வேண்டும். வெல்ஷ் அதை ஒரே சொல்லில் சொல்லிவிட்டார்: தேர்ந்த கை.

கட்டை மிஞ்சியது, கை போனது

குறுக்குவில் அம்பு இந்தக் கணக்குக்கு வசதி என்று ஆரம்பத்தில் சொன்னேனே, காரணம் இதுதான். குறுக்குவில்லில் நாணை இழுப்பதும் பிடித்து வைப்பதும் விடுவதும் இயந்திரம். வில்லைப் பலகையில் இறுக்கிக் கட்டிவிட்டு எய்தால் மனிதன் கணக்கிலிருந்தே வெளியேறிவிடுவான், மிச்சம் வருவது முழுக்க அம்பின் குணம். அந்த அம்புக்குச் சீட்டு எழுத முடியும். வளரிக்கு அப்படி எழுத முடியாது. எறிபவரை எடுத்துவிட்டால் வளரிக்கு வீச்சு பூஜ்ஜியம். நூறு கஜம் என்பது கட்டையின் எண் இல்லை, கையின் எண்.

இந்த வேறுபாடு பழைய ஆவணங்களிலேயே தெரிகிறது. 1801 அக்டோபரில் தூக்கு, டிசம்பரில் ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்லும் கம்பெனியின் பிரகடனம். நூறு வருஷம் கழித்து நிலைமை என்ன? தஞ்சாவூர் ஆயுதக் கிடங்கிலிருந்து வந்த மூன்று வளரிகள் சென்னை அருங்காட்சியகத்தில் இருந்தன, அதில் இரண்டு தந்தத்தில் செய்தவை. புதுக்கோட்டை ராஜாவின் கிடங்கில் மர வளரிகள் எப்போதும் இருப்பில் இருந்தன. வீடுகளில் பூஜையறையில் இருந்தன, ஆயுத பூஜைக்கு எடுத்துச் சுரண்டித் துடைத்துக் கும்பிட்டுவிட்டு மறுபடி வைத்தார்கள். கல்யாணத்தில் இரு வீட்டாரும் வளரி மாற்றிக்கொள்ளும் வழக்கத்தையும் தர்ஸ்டன் பதிவு செய்கிறார். கட்டைக்கு எந்தக் குறைவும் இல்லை. ஆனால் அதே திவான் குறிப்பு, எறிவதில் தேர்ந்தவர்கள் யாரும் இப்போது சமஸ்தானத்தில் கிடைப்பதில்லை என்கிறது. எனக்கு அந்தக் குறிப்பில் மிகவும் உறைத்த இடம் அதுதான்.

இதனால்தான் மந்திரக் கட்டைக் கதைகள் எனக்கு உறுத்துகின்றன. அவை வரலாற்றைப் பெரிதாக்குவதாக நினைத்துச் சிறிதாக்குகின்றன. தானாகப் போய்த் தலையைச் சீவிவிட்டுத் தானாகத் திரும்பி வரும் ஆயுதம் என்றால் அதை எறிகிறவனுக்கு என்ன பெருமை? யார் எறிந்தாலும் அதுதானே நடக்கும்? வருஷக்கணக்கில் தோள் வலிக்க எறிந்து பழகிய வேடனையும் வீரனையும் கதையிலிருந்து தள்ளிவிட்டு, கட்டைக்கு மாலை போடுகிறோம். சின்ன மருது வெல்ஷுக்குக் கற்றுத்தந்தது ஒரு கட்டையை அல்ல, எறிவதை.

அப்படியானால் என்ன செய்யலாம்?

அளக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிட்-ரிவர்ஸ், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருந்த எகிப்திய வளைகட்டையைப் பார்த்து அதே மாதிரி ஒன்று செய்து, தானே எறிந்து பார்த்தார். அதே வழிதான். வீட்டில் பழைய வளரி இருப்பவர்கள் அதை எறியவே வேண்டாம். எடை, முனைக்கு முனை நீளம், இரண்டு முனைகளின் அகலம், நடுத் தடிமன் இவற்றைக் குறித்தால் போதும். எடைமையம் கண்டுபிடிக்கவும் வழி சுலபம். வளைந்த பொருளுக்கு எடைமையம் மரத்துக்கு வெளியேகூட விழலாம், அதனால் விரல்மேல் நிறுத்திப் பார்ப்பது சரிவராது. ஒரு முனையில் நூல் கட்டித் தொங்கவிட்டு, பின்னால் வைத்த காகிதத்தில் தூக்குக்குண்டு நூலின் கோட்டை வரையுங்கள். வேறு இடத்தில் கட்டித் தொங்கவிட்டு இன்னொரு கோடு. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடம்தான் எடைமையம்.

அந்த அளவுகளில் புதிதாகச் செய்த நகலை, ஆள் நடமாட்டம் இல்லாத திடலில், அசையாத இலக்கின்மேல் மட்டும் எறிந்து பார்க்கலாம். 20, 40, 60 மீட்டர் தூரங்களில் தலா இருபது வீச்சு. பட்டதை மட்டும் வீடியோவில் போடாமல் தவறியதையும் எழுத வேண்டும். வேகத்துக்கு ஃபோனே போதும். 5 மீட்டர் இடைவெளியில் இரண்டு கம்பு நட்டு, வினாடிக்கு 240 படம் எடுக்கும் முறையில் வைத்தால், 48 படங்களில் கடந்தது என்றால் வேகம் வினாடிக்கு 25 மீட்டர். மூன்று மாதம் பழகியபின் அதே சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். முதல் நாளுக்கும் தொண்ணூறாம் நாளுக்கும் உள்ள வித்தியாசம்தான் இந்தச் சோதனையிலேயே மதிப்புள்ள எண். கட்டை அதேதான், மாறியது கை மட்டும்.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு வளரியை வெளியே எடுக்கிற வீடு உங்களுடையது என்றால், குங்குமம் வைப்பதற்கு முன்னால் மளிகைத் தராசில் ஒரு தடவை வைத்துப் பாருங்கள். அந்த எண்களை எனக்கு எழுதுங்கள், பெயர் ஊர் எதுவும் வேண்டாம். பத்து வீட்டு அளவு சேர்ந்தால், எங்கள் மில் தராசில் அதே எடைக்கு நகல் செய்து சோதனையை நானே ஆரம்பிக்கிறேன். வந்த எண் நூறு கஜத்துக்குப் பாதியாக இருந்தாலும் அதை இங்கே அப்படியே போடுவேன்.